ஒரு பலகையும் பத்து ஃபின்களும்: நீரோடியிலிருந்து வர்க்கலை வரை

முதல் நாள்: நீரோடி

இந்தப் பயணத்துக்கு நான் எடுத்து வந்திருப்பது ஒரே ஒரு சர்ஃப் பலகை. நீளம் 6 அடி 2 அங்குலம், அகலம் 21 அங்குலம், கனம் 2⅝ அங்குலம், கொள்ளளவு ஏறத்தாழ 37 லிட்டர். பின்முனையைச் சதுரமாக வெட்டி மூலைகளை உருட்டிவிட்ட ஸ்குவாஷ் டெயில் வகை. அடிப்புறத்தில், ஃபின் எனப்படும் மீன்செதில் போன்ற துண்டுகளை மாட்டும் ஐந்து பெட்டிகளைப் பதித்திருப்பதால், இரண்டு, மூன்று, நான்கு என விரும்பியபடி ஃபின்களை மாட்டிப் பார்க்கலாம். கூடவே ஒரு துணிப்பையில் பத்து ஃபின்கள், திருகாணி இறுக்கும் ஆலன் சாவி, உப்புத்தாள், ஒரு நோட்டுப் புத்தகம்.

சென்னைக்குத் தெற்கே உள்ள எங்கள் கோவளத்தில் நான் பலகைகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். பட்டறைக்கு வரும் பையன்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்டே தீரும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, எந்த ஃபின் நல்ல ஃபின்?" இதற்கு வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டுப் பிறகு வருந்தியிருக்கிறேன். பலகை, அலை, ஆளின் எடை, கால் வைக்கும் இடம் ஆகிய நான்கையும் மறந்துவிட்டு ஃபின்னை மட்டும் பேசினால் அந்தப் பதில் பொய்யாகத்தான் இருக்கும். ஆகவே, ஒரே பலகை, ஒரே ஆள் என்று இரண்டை நிலையாக வைத்துக்கொண்டு, சிறு தொலைவுக்குள்ளேயே அலையின் குணம் மாறிக்கொண்டே போகும் ஒரு கரையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அந்தக் கரை என் அம்மா பிறந்த ஊரில் தொடங்குகிறது.

குழித்துறையில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோவின் கூரையில் பலகைப் பையைக் கட்டிக்கொண்டு நீரோடி வந்து சேர்ந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கடற்கரை இந்த ஊரோடு முடிகிறது. அடுத்த ஊரான பொழியூர் கேரளம். கடல் அரித்துவிட்ட கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள் நீருக்குள் நீண்டு கிடக்கின்றன. மாமா இளமையில் கட்டுமரத்தில் போனவர். பிறகு விசைப்படகில் சுறாத் தூண்டிலுக்கு ஆழ்கடல் சென்றவர். இப்போது கரையில் வலை தைக்கிறார்.

திண்ணையில் ஃபின்களைப் பரப்பி வைத்தேன். மாமா ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சூரை வாலு மாதிரி கெடக்கு மக்கா" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை நினைத்தபடி சற்று நேரம் அமைதியாக இருந்தேன். 1960-களில் ஜார்ஜ் கிரீனோ என்ற அமெரிக்கர், அதுவரை பலகைகளில் ஒட்டப்பட்டு வந்த அகலமான, தடித்த ஃபின்களை விட்டுவிட்டு, விரைவாக நீந்தும் மீன்களின் உடலமைப்பைப் பார்த்து ஒடுக்கமான, பின்சாய்ந்த, நுனியில் வளைந்துகொடுக்கும் ஃபின்களைச் செய்தார். 1966-இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியை ஆஸ்திரேலியரான நாட் யங் வென்ற பலகையில் இருந்தது அவ்வகை ஃபின்தான். அதன் பிறகு அகன்ற தடித்த ஃபின்னுக்கு மதிப்புக் குறைந்தது.

மாமாவுக்கு இன்னொன்றும் விளங்கியது. "பாய் கட்டி ஓடும்போ பலவையை இறக்கேல்லன்னா மரம் நேரா போவாது, காத்து தள்ளுத பக்கமா ஒதுங்கிப் போவும்" என்றார். கட்டுமரத்துக்கு அடியில் நிலையான செதில் எதுவும் கிடையாது. பக்கக் காற்றில் ஒதுங்காமல் இருக்க ஒரு பலகையை நீருக்குள் இறக்கிப் பிடிப்பார்கள். சர்ஃப் பலகையின் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது. ஹவாயில் நூற்றாண்டுகளாக ஃபின் இல்லாத பலகைகளில்தான் அலையேறினார்கள். திரும்ப வேண்டுமானால் பின்காலை நீரில் இழுத்துக் கட்டுப்படுத்தினார்கள். 1935-இல் டாம் பிளேக் என்பவர், கைவிடப்பட்ட ஒரு வேகப்படகின் சிறு உலோகச் செதிலைக் கழற்றி ஹவாயின் வைக்கிக்கியில் தம் பலகையின் அடியில் பொருத்தினார். அதன்பின் பலகையின் பின்புறம் வழுக்கிப் போகாமல் நின்றது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1937-இல், அதே ஹவாயில் வேறு சில இளைஞர்கள் ஃபின்னை நாடாமல், பலகையின் பின்பகுதியைக் கோடரியால் செதுக்கிக் குறுக்கி, அடிப்புறத்தை 'வி' வடிவமாக்கி அதே பிடிப்பைப் பெற்றார்கள். பிடிப்பு என்பது ஃபின்னிலிருந்தும் வரும், பலகையின் உடம்பிலிருந்தும் வரும் என்பதற்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளுமே எனக்குப் போதிய சான்று.

இரண்டாம் நாள்: நீரோடி, பொழியூர்

விடியற்காலை ஐந்தரைக்கே கரைக்காற்று மெல்லத் தொடங்கிவிட்டது. மேற்குக் கரையில் புரட்டாசி மாதத்துக் காலைகள் இப்படித்தான் இருக்கும்: தென்மேற்குப் பருவக்காற்றின் முரட்டுத்தனம் அடங்கியிருக்கும், ஆனால் தொலைகடலிலிருந்து வரும் எழுச்சி முற்றிலும் ஓய்ந்திருக்காது. நிலத்திலிருந்து வீசும் காற்று அலையின் முகத்தைத் தடவி வழவழப்பாக்கும். தூண்டில் வளைவின் தெற்குப் பக்கத்தில் ஒதுங்கிய மணல்மேட்டில் இடுப்புக்கு மேல், மார்புக்குக் கீழ் உயரத்தில் இடப்பக்கமாக உடையும் அலை வந்துகொண்டிருந்தது.

முதலில் ட்வின் எனப்படும் இரட்டை ஃபின்னை மாட்டினேன். நடு ஃபின் இல்லாததால் பலகையின் பின்னால் இழுவை குறைவு. கால் வைத்த உடனேயே ஓடத் தொடங்கிவிட்டது. மெலிந்த அலையில் மற்றப் பலகைகள் நின்றுவிடும் இடத்தில்கூட இது வழுக்கிக்கொண்டு கடந்தது. ஆஸ்திரேலியரான மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலக வாகையர் ஆனது இரட்டை ஃபின் பலகையில்தான். சிறிய, வலுக்குறைந்த அலைகளிலும் அவரால் வேகத்தை உண்டாக்க முடிந்தது என்று படித்ததை என் காலடியிலேயே உணர்ந்தேன்.

ஆனால் ஏழாவது அலை சற்றுச் செங்குத்தாக எழுந்தது. அடிவாரத்துக்கு இறங்கி, இடது விளிம்பை அழுத்தித் திரும்பினேன்; பின்காலில் முழு எடையையும் ஏற்றிய அந்த நொடியில் பின்புறம் பிடி நழுவிப் பக்கவாட்டில் ஓடியது, நான் முதுகு அடிபட விழுந்தேன். கரையில் உட்கார்ந்து அந்த நொடியை மனத்தில் மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். ஃபின் வேலை செய்வது விமானத்தின் இறக்கை வேலை செய்வதைப் போன்றதே. நீர் அதன் மீது நேராக மோதாமல் சிறு கோணத்தில் மோதும்போது ஒரு பக்கம் அழுத்தம் கூடி, மறுபக்கம் குறைந்து, பக்கவாட்டில் ஒரு தள்ளுவிசை பிறக்கிறது. அந்த விசைதான் பலகையை அலைமுகத்தில் நிறுத்துகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆனால் கோணம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், ஏறத்தாழ பதினைந்து பாகைக்கு மேல் போய்விட்டால், நீர் ஃபின்னின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கிவிடும். அத்துடன் பிடிப்பு போய்விடும். இரண்டே ஃபின்கள், அதுவும் விளிம்புக்கு அருகில், பலகை சாயும்போது ஒன்று நீரை விட்டு வெளியே வந்துவிடும். மீதி ஒன்று தாங்க வேண்டிய சுமையை நான் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டேன்.

அதே மணல்மேட்டில், அரை மணி நேரத்துக்குள், மூன்று ஃபின்களை மாட்டிக்கொண்டு மறுபடியும் இறங்கினேன். பக்கத்து ஃபின்கள் இரண்டும் பலகையின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்காது. முன்முனைகள் கால் அங்குல அளவில் உட்புறமாகத் திரும்பியிருக்கும். மேலும் அவை செங்குத்தாக நிற்காமல் சில பாகை வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும். பலகையை ஒரு பக்கம் சாய்த்தால், சாய்ந்த பக்கத்து ஃபின் அப்போதுதான் செங்குத்தாகி நீருக்குள் ஆழமாக இறங்கும். அந்தச் சாய்வின் பயன் அதுவே. இந்த இரண்டு கோணங்களும் கூடினால் பலகை சீக்கிரம் திரும்பும். நேராக ஓடும்போது இழுவை கூடும். பக்கத்து ஃபின்களின் உட்புறம் தட்டையாகவும் வெளிப்புறம் புடைத்தும், நடு ஃபின் இருபுறமும் ஒரேபோல் புடைத்தும் இருப்பதற்கும் இதே காரணத்தைச் சொல்லலாம்: பக்கத்து ஃபின்னுக்கு ஒரு திசையில்தான் பெரும்பாலும் வேலை, நடு ஃபின்னுக்கு இரு திசையிலும் வேலை.

மூன்று ஃபின்னில் அதே மாதிரியான செங்குத்து அலை ஒன்று கிடைத்தது. அதே இடத்தில் அதே அழுத்தத்தைக் கொடுத்தேன். பின்புறம் நழுவவில்லை, நடு ஃபின்னை அச்சாகக் கொண்டு பலகை சுழன்று மேலேறியது. ஆனால் அடுத்து வந்த மூன்று மெலிந்த அலைகளிலும் ட்வின் கடந்த இடத்தை என்னால் கடக்க முடியவில்லை, பலகையை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி வேகத்தைக் கறக்க வேண்டியிருந்தது. நடு ஃபின் எனக்குத் தந்தது எது, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்பது ஒரே காலைப் பொழுதில் தெளிவாகிவிட்டது.

பிற்பகலில் எல்லையைக் கடந்து பொழியூர் வரை கரையோரமாக நடந்தேன். இங்கே ஆறோ காயலோ மணல்திட்டை உடைத்துக் கடலில் சேரும் முகத்தைப் பொழி என்பார்கள். ஊரின் பெயரே அதிலிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. கடைக்காரரிடம் தமிழில் கேட்டால் தமிழிலும் மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் பதில் வருகிறது. பலகையைப் பார்த்த இரண்டு சிறுவர்கள் பின்தொடர்ந்து வந்து ஃபின்களை எண்ணினார்கள்.

மூன்றாம் நாள்: பூவாறு

நெய்யாறு கடலைத் தொடும் இடம். அழகைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் குறிப்பு ஒன்றே: இந்தக் கரை திடீரென்று ஆழமாகிறது, அலை கடைசி நேரம் வரை உடையாமல் வந்து மணலின் மீதே மொத்தமாக விழுகிறது. இத்தகைய கரையலையில் எந்த ஃபின்னும் உதவாது, முதுகெலும்புதான் உடையும். பொழியின் வாயில் நீவாடு எனப்படும் நீரோட்டமும் வெளிநோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. நான் இறங்கவில்லை.

மாலையில் விழிஞ்ஞத்தில் தங்கிய அறையின் திண்ணையில் ஒரு சிறு வேலையை முடித்தேன். நேற்று மூன்று ஃபின்னில் வேகமெடுத்தபோதெல்லாம் காலடியில் ஒரு ரீங்காரம் கேட்டது. ஃபின்னின் பின்விளிம்பு தடித்தோ மழுங்கியோ இருந்தால், அதைக் கடந்து செல்லும் நீர் இரு பக்கமும் மாறி மாறிச் சுழன்று பிரியும். அந்தச் சுழற்சியில் ஃபின் அதிர்ந்து பாடத் தொடங்கும். மூன்றையும் கழற்றி, பின்விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இரண்டில் விளிம்பு கூர்மையாக ஒரே கோடாகத் தெரிந்தது. இடப்பக்கத்து ஃபின்னில் மட்டும் நடுவே ஓர் அங்குல நீளத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தட்டையான பட்டை ஒன்று மினுமினுத்தது. எங்கோ கல்லில் உரசியிருக்க வேண்டும். 400-ஆம் எண் உப்புத்தாளை நனைத்து, விரலின் மேல் சுற்றி, முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் இருபது இழுப்பு. பிறகு 800-ஆம் எண்ணில் பத்து இழுப்பு. பட்டை மறைந்தது. விளிம்பைக் கத்தியாக்கிவிடக்கூடாது, விழும்போது தொடையைக் கிழித்துவிடும். அழுத்தித் தொட்டால் அறுக்காமல், வெளிச்சத்தில் பார்த்தால் தட்டை தெரியாமல் இருப்பதே சரியான அளவு.

நான்காம் நாள்: கோவளம்

கேரளத்துக் கோவளமும் எங்கள் கோவளமும் பெயரில்தான் ஒன்று. இங்கே பாறை முனைகள் கரையைப் பிறைப் பிறையாகப் பிரித்திருக்கின்றன. எங்கள் ஊரிலோ நீண்ட நேர்கரை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள கரையில் காலை ஆறு மணிக்கே பயிற்சியாளர்கள் மென்மேற்பரப்புப் பலகைகளைக் கரைக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்று ரீங்காரம் இல்லை. முதல் ஒரு மணி நேரம் மூன்று ஃபின். பிறகு நடு ஃபின்னைக் கழற்றி, பக்கத்து ஃபின்களுக்குப் பின்னால் சிறிய இரண்டைச் சேர்த்து நான்கு ஃபின். நான்கு ஃபின்னில் நடுக்கோட்டில் எதுவும் இல்லை. விளிம்புக்கு அருகில் இரண்டிரண்டாகப் பிடிப்பு இருக்கிறது. ஆகவே பலகை அலையின் குறுக்கே ஓடும்போது ட்வினைப் போல வேகமாகவும், விளிம்பை அழுத்தும்போது அதைவிட உறுதியாகவும் இருந்தது. ஆனால் உச்சியில் சட்டென்று வெட்டித் திருப்பும்போது அச்சு கிடைக்காமல் வளைவு நீண்டுகொண்டே போயிற்று. நீண்டு ஓடும் அலைக்கு இது மிக நல்லது. இந்தக் கரையின் குறுகிய அலைக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே மறுபடியும் நடு ஃபின்னை மாட்டினேன்.

அங்கேதான் தவறு செய்தேன். வற்றம் இறங்கி நீர் குறைந்திருந்ததைக் கவனிக்காமல், பாறை முனைக்கு அருகே அலையின் கடைசிவரை ஓட்டினேன். ஒரு தட்டு, ஓர் உதறல். கரையில் பலகையைப் புரட்டிப் பார்த்தபோது நடு ஃபின்னின் மேல்பாதி இல்லை. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் ஓர் ஆறுதல். ஃபின் கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பதன் நன்மை அதுதான். முன்பெல்லாம் ஃபின்னைப் பலகையோடு சேர்த்துக் கண்ணாடியிழையால் ஒட்டிவிடுவார்கள். அது உடைந்தால் பலகையின் அடியையும் பிய்த்துக்கொண்டு போகும்.

உடைந்த ஃபின்னோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு பயிற்சியாளர் வந்தார். முதலில் "சேட்டா" என்றவர், நான் தமிழ் என்று தெரிந்ததும் "அண்ணா" என்றார். அவருடைய அம்மா குளச்சல்காரர். தம் பலகையை எனக்குக் காட்ட வேண்டும் என்றார். 5 அடி 10 அங்குலம், 18¾ அங்குல அகலம், முன்னும் பின்னும் வாழைப்பழம் போல வளைந்தது. மூன்று முறை ஃபின்னை மாற்றியும் வேகமே வரவில்லை என்பது அவருடைய குறை.

பலகையை மணலில் வைத்து, நடுக்கோட்டின் மீது அவர் வைத்திருந்த துடுப்பின் தண்டை வைத்துப் பார்த்தோம். இந்த முன்பின் வளைவை ராக்கர் என்பார்கள். நம் ஊரில் கட்டுமரத்தின் முன்முனையான அணியம் மேல்நோக்கி வளைந்திருப்பதைப் போன்றது. செங்குத்தாக எழுந்து குழலாக உருளும் அலையில் முனை நீருக்குள் குத்தாமல் இருக்க அந்த வளைவு வேண்டும். நம் கரைகளில் ஆண்டின் பெரும்பகுதி வருவதோ சரிவான, மெத்தென்ற அலை. அதில் இவ்வளவு வளைந்த அடிப்புறம் நீரைக் கிழித்து வழுக்காமல், நீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். எவ்வளவு விலை கொடுத்து ஃபின் வாங்கினாலும் அந்த இழுவையை எடுத்துவிட முடியாது. இதை நான் அழுத்தமாகவே எழுதுகிறேன்: நம் பையன்கள் கைக்குக் கிடைத்த பழைய பலகைகளை, இந்தோனேசிய அலைக்கும் ஆஸ்திரேலிய அலைக்கும் உழைத்து ஓய்ந்தவற்றை, ஆசையோடு வாங்குகிறார்கள், ஓடவில்லை என்றால் தம் திறமையைக் குறை சொல்கிறார்கள், அல்லது ஃபின்னைக் குறை சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது தட்டையான ராக்கர், அகலமான பின்புறம், கூடுதல் கொள்ளளவு. பின்பகுதி அகலமாக இருந்தால் மெதுவான வேகத்திலேயே பலகை நீரின் மேல் எழுந்துவிடும். பின்புறத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் விளிம்பின் கீழ்ப்பகுதி கூர்மையாக இருந்தால் நீர் அங்கே ஒட்டாமல் விடுபடும். உருண்டையாக இருந்தால் நீர் விளிம்பைச் சுற்றி ஏறி ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதல் நீண்ட பலகையான லாங்போர்டுக்கு வரம், இவருடைய பலகைக்குச் சுமை.

இன்னொரு குறையும் இருந்தது. பலகையின் நடுவே ஒரு பழுதுபார்த்த இடத்தை அழுத்தினால் உள்ளே போய் வந்தது. அவருடைய அனுமதியோடு, கூர்கத்தியால் ஒட்டை வட்டமாக அறுத்து எடுத்தேன். உள்ளே நுரை இருக்க வேண்டிய இடத்தில், கைப்பிடி உப்பு கொள்ளும் அளவுக்கு ஒரு குழி. அதன் சுவர்கள் சர்க்கரைப் பாகு போலச் சுருங்கி இறுகியிருந்தன. யாரோ பாலியெஸ்டர் ரெசின் என்ற இறுகும் பசையை ஊற்றிப் பழுதுபார்த்திருக்கிறார்கள். பாலியூரித்தேன் நுரைப் பலகைக்கு அது சரி. இந்தப் பலகையின் உள்ளே இருப்பதோ தெர்மோகோல் குடும்பத்தைச் சேர்ந்த நுரை. ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். இதற்கு எப்பாக்சி ரெசினைத்தான் பயன்படுத்த வேண்டும். உள்ளே சிறிது கடல்நீரும் நின்றிருந்தது. கட்டுமரத்தைக் கரையேற்றியவுடன் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயவைக்கும் வழக்கத்தை அந்தத் தம்பியிடம் சொன்னேன். நீர் குடித்த மரமும் பலகையும் ஒன்றுதான். நிழலில், திறந்த வாயைக் கீழ்நோக்கி வைத்து, ஒரு வாரம் காயட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து மேலோடு உப்பிவிடும்.

பதிலுக்கு அவர் தம்முடைய 9 அடி லாங்போர்டை மாலையில் எனக்குத் தந்தார். ஒற்றை ஃபின். அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் என்ற பழைய கணக்குப்படி 9 அங்குல ஃபின் மாட்டியிருந்தார். இதன் பெட்டி நீளமான காடி. ஃபின்னை முன்னும் பின்னும் நகர்த்தலாம். கடைசிவரை பின்னால் தள்ளி இரண்டு அலை, ஓர் அங்குலம் முன்னால் இழுத்து இரண்டு அலை. பின்னால் இருந்தபோது தண்டவாளத்தில் போவது போல நேராகப் போயிற்று. முனைக்கு நடந்து சென்று நின்றபோதும் பின்புறம் அசையவில்லை. முன்னால் இழுத்ததும் இடுப்பைத் திருப்பினாலே பலகை திரும்பியது, ஆனால் முனையில் நிற்கும்போது பின்புறம் தடுமாறியது. ஓர் அங்குலத்துக்குத்தான் இவ்வளவு வேறுபாடு. இரவு மாமாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "பலவையை முன்ன பின்ன மாத்தித்தான மரத்தைச் சரிபண்ணுவோம், அதுதான இது" என்றார், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பது போல.

ஐந்தாம் நாள்: கோவளம், பகல் முழுவதும் மழை

உடைந்த ஃபின்னைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பெட்டிக்குள் இறங்கும் அடிக்கட்டை பழுதில்லாமல் இருந்ததால் ஒரு வேலையைத் தொடங்கினேன்.

1980-இல் ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் வேறொருவருடைய இரட்டை ஃபின் பலகையில், பின்முனைக்கு அருகில் மிகச் சிறிய மூன்றாவது ஃபின் ஒன்று ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டார். இரட்டை ஃபின் நழுவாமல் இருக்க அந்தச் சிறு துண்டே போதுமானதாக இருக்கிறது என்று அதன் உரிமையாளர் நினைத்திருந்தார். பெரிய உடம்புக்காரரான ஆண்டர்சனுக்கு ட்வின் ஒத்துவரவே இல்லை. அவர் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு மூன்றையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கினார். அதற்கு த்ரஸ்டர் என்று பெயரிட்டார். 1981-இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் கடற்கரையில் பேரலைகளில் நடந்த போட்டியை அதில் வென்றார். அதே ஆண்டு ஹவாயின் பைப்லைனிலும் வென்றார். சில ஆண்டுகளுக்குள் உலகமே மூன்று ஃபின்னுக்கு மாறிவிட்டது. நான் எண்ணியது இதுதான்: பேரலைக்காக அவர் பெரிதாக்கிய அந்தத் துண்டு, நம் மெலிந்த அலைக்குப் பழைய சிறிய அளவிலேயே இருந்தால் என்ன?

இரும்பறுக்கும் வாளால் உடைந்த விளிம்புக்குக் கீழே நேராக வெட்டினேன். கண்ணாடியிழைத் தூள் மூச்சில் போகக்கூடாது என்பதால் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டேன். பிறகு அரம், அதன்பின் 120, 240, 400 எண் உப்புத்தாள்கள். முன்விளிம்பை உருண்டையாக, ஒரு பெருவிரல் நகத்தின் வளைவு அளவுக்கு விட்டேன். தடிப்பு முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் உச்சம் தொட்டு, பின்விளிம்பு நோக்கி மெல்லக் குறைய வேண்டும். இருபக்கமும் ஒரே அளவா என்பதைக் கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும்: கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முன்னிருந்து பின்னாக இழுத்தால், எந்தப் பக்கம் மேடு என்பது உடனே தெரிந்துவிடும். மூன்று மணி நேரம் ஆயிற்று. உயரம் 2¼ அங்குலம்.

ஆறாம் நாள்: வர்க்கலை, எடவா

ரயிலில் ஒரு மணி நேரம். வர்க்கலையின் செம்மண் பாறைச் செங்குத்துக்குக் கீழே சுற்றுலாக் கூட்டம் இருந்ததால், வடக்கே எடவாப் பக்கம் போனேன். மழை விட்டிருந்தது, தோளளவு அலை, இரு பக்கமும் உடைந்துகொண்டிருந்தது, இடையிடையே செங்குத்தான ஒன்று.

இரட்டை ஃபின்களை மாட்டி, நடுப்பெட்டியில் நேற்றுச் செதுக்கிய துண்டை வைத்துத் திருகாணியை இறுக்கினேன். முதல் மூன்று அலையில் எதையும் வலிந்து செய்யாமல் வேகத்தை மட்டும் கவனித்தேன். நீரோடியில் உணர்ந்த அதே ஓட்டம். சற்றே குறைந்திருக்கலாம், என் காலுக்கு வேறுபாடு தெரியவில்லை. நான்காவது அலை செங்குத்தாக எழுந்தது. இறங்கி, நீரோடியில் விழுந்தபோது கொடுத்த அதே அழுத்தத்தைப் பின்காலில் கொடுத்தேன். பின்புறம் ஒரு விரற்கடை அளவுக்கு நழுவியது. நழுவிய இடத்திலேயே அந்தச் சிறு துண்டு பிடித்துக்கொண்டது. பலகை மேல்நோக்கித் திரும்பியது. அதை உறுதிப்படுத்த இன்னும் ஐந்து முறை செய்து பார்த்தேன். ஐந்தில் நான்கு முறை பிடித்தது. ஐந்தாவது முறை கால் வைத்த இடமே தவறு. அதை ஃபின்னின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

பிறகு துண்டைக் கழற்றிவிட்டு, அதே கரையில், அதே நீர்மட்டத்தில், வெறும் ட்வினில் ஆறு அலை. மூன்று முறை நழுவியது.

கரையேறி, ஃபின்களை நல்ல தண்ணீரில் கழுவி, திருகாணிகளில் உப்பு இறுகாமல் இருக்க ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: எடவா, தோளளவு அலை, கரைக்காற்று, ட்வின் மற்றும் 2¼ அங்குல நடுத்துண்டு. அடுத்துச் செய்ய வேண்டியது: அதே துண்டை 1¾ அங்குலமாகக் குறைத்து எங்கள் கோவளத்து அலையில். அரம் பைக்குள்ளேயே இருக்கிறது. நாளை இரவு வண்டி.